கை பழகிய தட்டு

2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் பல ஆண்டுகளாக யாரும் கண்டிராத வெள்ளம் வந்தது. மணலும் முள்செடியுமாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுவதைக் காண, வேலூர் மக்கள் காட்பாடிக்குப் போகும் பாலத்தின் ஓரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். நாங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பியபோது, கூடத்தில் ஈரச் சுண்ணாம்பும் பழைய பசையும் கலந்த வாசம் அடித்தது. கொசப்பேட்டையில் உள்ள எங்கள் வீடு தாத்தா காலத்தில் கட்டியது. கூடத்தின் வடக்குச் சுவரைக் குடைந்து, கடப்பா கல்லைத் தட்டுகளாகப் பதித்து, முன்னால் இரண்டு மரக்கதவுகள் போட்ட அலமாரி ஒன்று அதில் உண்டு. அப்பாவின் புத்தகங்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அங்கேதான் இருந்தன. கதவைத் திறந்து கையை உள்ளே விட்டால், பின்வரிசைப் புத்தகங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

அந்த அலமாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடப்பா கல்லில் கரையான் ஏறித் தின்பதற்கு ஒன்றுமில்லை. எத்தனை பாரம் வைத்தாலும் அது தொய்வதில்லை. மே மாதத்தில் ஊரே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போதும் அந்தக் கதவுக்குள் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒன்றரை அடிச் சுவரில் முக்கால் பங்கைக் குடைந்துவிட்டால், வெளியே அடிக்கும் மழைக்கும் உள்ளே இருக்கும் புத்தகத்துக்கும் நடுவே மிஞ்சுவது நாலரை அங்குலச் செங்கல் மட்டுமே. வடகிழக்குப் பருவமழை சாய்ந்தடிப்பதும் அந்தப் பக்கச் சுவரில்தான். போதாக்குறைக்கு, குளிர்ந்த கல்லின் மேல் ஈரக்காற்று படும்போது வியர்வை போல நீர் பூக்கிறது. ஆழம் மிகுதியாக இருந்ததால் புத்தகங்கள் இரண்டு வரிசையாக நின்றன. முன்வரிசை பின்வரிசையை மறைத்ததால், ஈரம் எத்தனை நாளாக ஏறிக்கொண்டிருந்தது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே வரிசைதான் வேண்டும், புத்தகத்தின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு வழி வேண்டும் என்ற இரண்டையும் அந்த வாரத்தில் கற்றுக்கொண்டோம்.

மொத்தம் எழுநூறு புத்தகங்களில் தொண்ணூறு நனைந்திருந்தன. நனைந்த தாளில் இரண்டு நாளைக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் அன்று இரவே வேலையை ஆரம்பித்தோம். கூடத்தில் பழைய படுக்கை விரிப்புகளைப் பரப்பி, புத்தகங்களை நட்டுக்குத்தாக நிறுத்தி, ஏடுகள் விசிறி போல விரிந்திருக்கும்படி வைத்து, இரவு பகலாக மின்விசிறியை ஓட விட்டோம். ஏறக்குறைய இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத்தாளை இடையில் செருகி, அது ஈரத்தை இழுத்ததும் மாற்றினோம். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை புத்தகத்தில் ஏறும். மழை விட்ட நாளில் வெயிலில் காய வைக்கலாம் என்று அம்மா சொன்னபோது அப்பா தடுத்துவிட்டார். சடுதியில் காய்ந்தால் அட்டை அப்பளம் போல வளைந்துவிடும் என்றார், அது உண்மைதான். வழவழப்பான தாளில் அச்சிட்ட படப்புத்தகங்கள்தான் எங்களைத் தோற்கடித்தன. அந்தத் தாள் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிறகு பலகை போலாகிவிடும். 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முழு வரிசை எங்களிடம் இருந்தது. என் எழுத்துக்கூட்டலே அதிலுள்ள படங்களின் கீழ்தான் தொடங்கியது. அதில் இரண்டு தொகுதிகளை இழந்தோம். அந்த இரண்டையும் எறிய அப்பா விடவில்லை. இன்றும் பிரிக்க முடியாத கட்டிகளாக மற்ற எட்டோடு நிற்கின்றன.

புதிய அலமாரி செய்ய வந்த ஆசாரி முதலில் கேட்டது, எத்தனை புத்தகம் என்பதையன்று, அவை என்ன அளவில் உள்ளன என்பதை. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி, கிரவுன் என்னும் இரண்டு அளவுக்குள் அடங்கிவிடும். டெம்மி ஏறத்தாழ எட்டரை அங்குல உயரம், கிரவுன் ஏழேகால். எனவே பத்து அங்குல இடைவெளி விட்ட தட்டுகள் நான்கு, ஒன்பது அங்குலத்தில் ஒன்று, அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் பன்னிரண்டு அங்குலத்தில் அடித்தட்டு ஒன்று என்று கணக்குப் போட்டோம். கடையில் ஆயத்தமாக விற்கும் அலமாரிகள் எல்லாத் தட்டுக்கும் ஒரே உயரத்தை வைத்து, மேலே நான்கு அங்குலத்தை வீணாக்குகின்றன. அந்த வெற்றிடத்தில் நாளடைவில் ரசீதும் மருந்துச் சீட்டும் வந்து படுத்துக்கொள்ளும். ஆழம் பத்து அங்குலம் போதும். அதற்கு மேல் விட்டால் இரண்டாவது வரிசை தானாக முளைத்துவிடும்.

நீளத்தைப் பற்றி ஆசாரி விட்டுக்கொடுக்கவே இல்லை. கூடத்தின் சுவர் முழுவதும் ஆறடி நீளத்துக்கு ஒரே பலகையாக ஓட வேண்டும், நடுவில் தடுப்பு இருந்தால் பார்வைக்குத் துண்டு துண்டாக இருக்கும் என்று நான் ஆசைப்பட்டேன். "ரெண்டடிக்கு ஒரு சட்டம் குடுத்துடலாம்மா. துணி வெக்கிற அலமாரின்னா பரவால்ல, இது புஸ்தகம், நடுவுல தொங்கிடும்" என்றார் அவர். பிறகு கணக்குப் பார்த்தபோது அவர் சொன்னதன் நியாயம் புரிந்தது. ஓர் அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் ஏறத்தாழ எட்டு முதல் பத்து கிலோ வரும். ஆறடித் தட்டு ஒன்றில் ஏறத்தாழ ஐம்பது முதல் அறுபது கிலோ வரும். இப்படிச் சீராகப் பரவிய பாரத்தைத் தாங்கும் பலகையின் நீளம் இரண்டு மடங்கானால் நடுவில் விழும் தொய்வு பதினாறு மடங்காகிறது. பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினாலும் அதில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சத்தான் செய்யும். முக்கால் அங்குல ப்ளைவுட்டில் இரண்டடிக்கு வளையாத தட்டு நான்கடிக்குக் கட்டாயம் வளையும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் இன்னும் விரைவில் வளையும், ஈரம் பட்டால் உப்பியும் போகும். ஆசாரி சொன்னபடியே ஒவ்வொரு தட்டையும் இரண்டடி வீதம் மூன்று கட்டங்களாகப் பிரித்தோம். வெளிச்சுவரை விட்டுவிட்டு, கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையிலான சுவரில், அதையும் ஓர் அங்குலம் தள்ளியே நிறுத்தினோம். வீடு துடைக்கும் தண்ணீர் படாமல் இருக்க அடிப்பலகை தரையிலிருந்து ஐந்து அங்குலம் உயர்ந்திருக்கிறது. மேற்குச் சன்னல் உள்ள பக்கத்தைத் தவிர்த்ததற்குக் காரணம் வெயில்: எங்கள் ஊர் வெயிலில் பசையால் மட்டும் ஒட்டிய இக்காலப் புத்தகங்களின் முதுகு காய்ந்து வெடித்து ஏடுகள் உதிர்கின்றன. தையல் போட்டுக் கட்டிய பழைய பதிப்புகள் இதை ஓரளவு தாங்கும்.

அலமாரி வந்த பிறகு நான் செய்த முதல் காரியம்தான் தவறாகப் போனது. நூலகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, பொருள்வாரியாகப் பிரித்து, அதற்குள் ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் வைக்க முடிவு செய்தேன். சங்க இலக்கியம், சமயம், வரலாறு, நாவல், சிறுகதை, மருத்துவம், பிள்ளைகள் நூல் என்று தாளில் எழுதி ஒட்டினேன். அகரவரிசை வைப்பது தமிழில் எவ்வளவு சிக்கலானது என்பது அப்போதுதான் விளங்கியது. மு.வ.வை மு என்ற எழுத்தில் வைப்பதா, வரதராசன் என்று வ வரிசையில் வைப்பதா? 1912இல் வட ஆற்காட்டு மண்ணில் பிறந்த அவரை எங்கள் ஊரில் இரண்டெழுத்தால்தான் அறிவார்கள். வரதராசன் என்று தேடுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. முன்னெழுத்து தந்தை பெயரா, ஊர்ப் பெயரா, புனைபெயரின் ஒரு பகுதியா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. இறுதியில், வீட்டில் அந்த எழுத்தாளரை எந்தப் பெயர் சொல்லிக் கேட்போமோ அந்தப் பெயரின் முதல் எழுத்தே கணக்கு என்று முடிவு செய்தேன். இந்த ஒரு முடிவில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

மூன்று வாரம் உழைத்த பிறகு அலமாரி மிக ஒழுங்காக நின்றது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும், ஒருநாள் அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்து, தாழ்ந்த குரலில், "உங்கப்பா புஸ்தகமே எடுக்கறது இல்ல, பாத்தியா? பேப்பரத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுகினு கீறாரு" என்றார். நான் கவனிக்கவே இல்லை. நாற்பதாண்டுக் காலம் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் படிக்காமல் படுக்காத மனிதர் அவர். கேட்டபோது முதலில் கண்ணைக் காரணம் சொன்னார். ஒரு கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை அதற்குச் சில மாதம் முன்புதான் நடந்திருந்தது. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "புஸ்தகத்த நான் கண்ணால தேடறது இல்ல கண்ணு. கைதான் போயி எடுக்கும். இப்ப கைக்கு வழி தெரியல."

அன்று மாலை அப்பாவை அலமாரி முன் உட்கார வைத்து, பழைய கல் தட்டுகளில் எது எங்கே இருந்தது என்று சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அதுவரை அந்த அடுக்கை, வாங்க வாங்கச் செருகிய குவியல் என்றே எண்ணியிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல வேறொன்று தெரிந்தது. இரண்டாம் தட்டின் இடப்பக்கம் முழுவதும் அவர் வகுப்புக்குக் கொண்டுபோன நூல்கள். காலையில் அவசரத்தில் எடுக்க வசதியாகக் கதவைத் திறந்ததும் கைக்கு வருபவை. அதே தட்டின் வலப்பக்கம் அம்மா மதியத்தில் படித்த வார இதழ்த் தொடர்கதைகள். வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, லாங் பஜார் பக்கத்தில் ஒரு பைண்டு கடையில் கொடுத்துக் கட்டியவை. மூன்றாம் தட்டின் முன்வரிசை, கேட்டவருக்கு இரவல் கொடுக்கலாம் என்று அவர் மனத்தில் ஒதுக்கியவை. அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்தவை, கொடுக்க மனம் வராதவை. கீழ்த்தட்டு எனக்கும் தம்பிக்கும். அப்பா புத்தகங்களை ஆளுக்கு ஆள் அடுக்கியிருந்தார். எழுதியவரையும் பொருளையும் பார்த்து நான் பிரித்தபோது, எடுப்பவர் யார் என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

வீட்டு அலமாரி நூலகம் அன்று. முன்பின் தெரியாத ஒருவர் வந்து முன்பின் தெரியாத ஒரு நூலைத் தேட வேண்டிய இடத்துக்குத்தான் வகைப்பாடு வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டது அத்தகைய இடங்களுக்காகவே. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1931இல், நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. கடைசி விதி நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது. இந்த இரண்டும் ஐந்து பேர் வாழும் வீட்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன. இரண்டாம் முறை அடுக்கியபோது நான் இவற்றையே பிடித்துக்கொண்டேன்.

அப்பா உட்காரும் பிரம்பு நாற்காலியை அலமாரியின் இடக்கட்டத்துக்கு அருகில் போட்டேன். நாற்காலியில் இருந்தபடி அவர் கை எழாமலும் குனியாமலும் எட்டுவது தரையிலிருந்து இரண்டடிக்கும் நான்கடிக்கும் இடைப்பட்ட பகுதி என்று அளந்து பார்த்தேன். அங்கே இருந்த இரண்டு தட்டுகளில் அவருடைய பழைய வரிசையை, அவர் சொன்ன ஒழுங்கில், இடம் வலம் மாறாமல் வைத்தோம். அம்மாவின் பைண்டு தொகுதிகள் நடுக்கட்டத்துக்குப் போயின. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். மேலே வைத்தால் இந்த வயதில் தூக்க முடியாது, மேலும் நட்டுக்குத்தாக நிறுத்தினால் கனத்தில் கட்டு பிய்ந்துவிடும் என்பதால் இரண்டிரண்டாகப் படுக்க வைத்திருக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாகவும் 1939இல் இணைப்பாகவும் வந்தது, அதன் மறுபதிப்பு அப்பாவிடம் இருக்கிறது. அது நாற்காலியை ஒட்டிய கட்டத்தின் அடித்தட்டில். அதைக் குனிந்து எடுக்கும் பொறுப்பு என் மகனுடையது. தாத்தா ஒரு சொல்லைச் சொன்னால் எந்தத் தொகுதி என்று முதல் எழுத்தை வைத்து அவனே கண்டுபிடிக்கிறான்.

பூசை நூல்கள் தனிக் கதை. கந்தர் சஷ்டி கவசம், லலிதா சகஸ்ரநாமம் என்று கோயில் வாசல்களில் வாங்கிய மெல்லிய சிறு புத்தகங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. இவற்றுக்கு முதுகே கிடையாது. நிறுத்தினால் சரியும், நடுவில் குத்திய கம்பி துருவேறித் தாளைத் தின்னும். துருப்பிடித்த கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு அம்மா பருத்தி நூலால் ஒரு தையல் போட்டார். பிறகு அவற்றை ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் படுக்க வைத்துப் பூசை அலமாரியிலேயே வைத்துவிட்டோம். பஞ்சாங்கம் ஆணியில் தொங்குகிறது, சமையல் குறிப்பு நோட்டு அடுப்படியில் இருக்கிறது. புத்தகம் எல்லாம் புத்தக அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதில் பொருளில்லை.

பிள்ளைகளுக்கு ஓரிடம் அமைத்ததில்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. படிக்கத் தொடங்கும் வயதில் குழந்தை புத்தகத்தை முதுகைப் பார்த்து எடுப்பதில்லை. அட்டைப்படத்தைப் பார்த்து எடுக்கிறது. தமிழில் வரும் படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் முப்பது பக்கத்துக்குள் முடிகிறவை. முதுகில் பெயர் அச்சிட இடமே இருக்காது. அட்டை தெரியும்படி சாய்த்து வைக்க என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பரணில் கிடந்த கொலுப்படிகள் நினைவுக்கு வந்தன. ஆண்டில் பத்து நாள் பயன்பட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் தூசியில் கிடக்கும் ஐந்து மரப்படிகள்! கீழ் மூன்று படிகளை மட்டும் இறக்கி, ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் அரை அங்குல உயரத்துக்கு ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் அடித்து, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைத்தோம். பின்படியின் முகப்பில் சாய்ந்து முன்விளிம்பில் தடுத்து நிற்பதால் புத்தகம் வழுக்குவதில்லை. ஒரு நேரத்தில் பதினெட்டுப் புத்தகம் நிற்கும். மற்றவை பெட்டியில் இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மகள் தானே மாற்றி வைப்பாள். நான்கு வயதில் எட்டிய படியைவிட இப்போது அவள் உயர்ந்துவிட்டாள். நவராத்திரி வரும்போது பொம்மைகளுக்கு இடம் விட்டுப் புத்தகங்கள் இறங்குகின்றன, முடிந்ததும் ஏறுகின்றன.

இனி, பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்பது. அப்பா வாங்கிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் அன்றே பழுப்புத்தாள் அட்டை போட்டுவிடுவார், தாள் இல்லாதபோது போன ஆண்டுக் காலண்டரைத் திருப்பிப் போடுவார். முதுகில் நீலக்கருப்பு மையில் நூலின் பெயரும் கீழே வாங்கிய ஆண்டும் இருக்கும். கூடத்துக்கு நிறம் வர வேண்டும் என்று இந்த உறைகளை எல்லாம் கழற்றிவிட நினைத்துப் பத்துப் புத்தகத்தில் கழற்றியும் பார்த்தேன். உள்ளே இருந்த அட்டைகளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. 1970களின் ஓவிய அட்டைகளில் சிவப்பும் மஞ்சளும் நேற்று அச்சானவை போல இருந்தன. நான் சென்ற சில ஆண்டுகளில் வாங்கிச் சன்னலோரம் வைத்திருந்தவற்றில் அந்த இரண்டு நிறங்களும் வெளுத்து நீலம் மட்டுமே மிஞ்சியிருந்தது. வெளிச்சம் முதலில் தின்பது அவற்றைத்தான். கழற்றிய பத்துக்கும் மறுபடி உறை போட்டேன். பழுப்பு நிறத்தில் வரிசையாக நிற்கும் அந்த இரண்டு தட்டுகளைப் போல அமைதியான அழகு எங்கள் கூடத்தில் வேறெதற்கும் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

நிறவாரியாக அடுக்குவதை நான் ஏற்கவில்லை. ஒரே எழுத்தாளரின் நூல்கள் பச்சையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாகச் சிதறிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புத்தகங்களுக்கு முன்னால் பொம்மையும் புகைப்படச் சட்டமும் வைப்பதையும் நிறுத்திவிட்டோம். ஒரு புத்தகம் எடுக்க இரண்டு பொருளை நகர்த்த வேண்டும் என்றால் அதை எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு தட்டின் கோடியிலும் அரையடி முதல் முக்கால் அடி வரை வெற்றிடம் விட்டிருக்கிறோம். அங்கே புத்தகம் சரியாமல் முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். கரிகிரி மண்பாண்டச் சாடி ஒன்று, ஆயா நெல் அளந்த பித்தளைப் படி ஒன்று, ஒரு பழைய இரும்பு எடைக்கல் ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. வெற்றிடம் அலங்காரத்துக்கு விட்டதன்று. ஆண்டுக்கு நாற்பது புத்தகமாவது சேரும் வீட்டில் அதற்கு இடம் விடாமல் அடுக்கினால், அடுத்த புத்தகத் திருவிழாவுக்குப் பிறகு எல்லாம் கலைந்துவிடும். இட நெருக்கடியைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு: திருமணங்களில் தாம்பூலப் பையோடு வந்த மு.வ. உரைத் திருக்குறள் கையடக்கப் பதிப்புகள் எங்களிடம் ஒன்பது இருந்தன. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. நம் முன்னோர் இராமபாணம் என்று பெயர் வைத்த வெள்ளிநிறப் பூச்சி, பசையையும் தாளின் கஞ்சிப்பூச்சையும் தின்று வாழ்கிறது. ஈரமும் இருட்டும் அசைவின்மையும் அதற்குப் பிடித்தவை. பாச்சை உருண்டையைக் குழந்தைகள் உள்ள வீட்டில் நான் வைப்பதில்லை. மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால் பெருந்தீங்கு. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம் முதலியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அதைப் பின்பற்றி அம்மா சிறு முடிச்சுகள் கட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று வைக்கிறார், வாசம் குறைந்ததும் மாற்றுகிறார். என்றாலும் பெரிய காவல், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் புத்தகத்தையும் கையில் எடுத்துத் தட்டித் துடைப்பதுதான். ஆயுத பூசைக்கு முந்தைய ஞாயிறு எங்கள் வீட்டில் அதற்கான நாள். காலையில் தொடங்கினால் மாலை ஆகிவிடும். நடுவில் யாராவது ஒருவர் தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிடுவார், அவரை எழுப்புவதில்லை. பூசையன்று அலமாரிமேல் வெள்ளைத்துணி போர்த்திச் சட்டத்தில் மட்டும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். முன்பெல்லாம் நூல்களின்மேல் வைத்த பொட்டுகளின் எண்ணெய்க் கறை இன்றும் பல அட்டைகளில் இருக்கிறது. போகியன்று மட்டும் அப்பா கவனமாக இருப்பார். அவர் சிறுவனாக இருந்தபோது, பழையன கழிக்கிறோம் என்று யாரோ அவருடைய பள்ளி நூல்களையும் பாயோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிட்டார்களாம். அந்தக் காலை முழுவதும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்.

இரவல் நோட்டு இன்னும் நடக்கிறது. அப்பா 1978இல் தொடங்கியது இரண்டாவது நோட்டாக ஓடுகிறது: தேதி, நூல், வாங்கியவர், திரும்பிய தேதி. திரும்பாதவற்றுக்கு அவர் தட்டில் இடம் விட்டு வைத்திருந்தார் என்பதும் அன்று மாலைதான் தெரிந்தது. இரண்டு புத்தகங்களுக்கு நடுவே நூலின் பெயர் எழுதிய ஓர் அட்டைத்துண்டு நிற்கும். புதிய அலமாரியிலும் அந்த அட்டைத்துண்டுகளை அவற்றின் இடத்திலேயே வைத்திருக்கிறோம். பதினொன்று இருக்கின்றன.

இப்போது நடந்துகொண்டிருப்பது முதுகெழுத்து வேலை. ஐம்பது ஆண்டில் நீலக்கருப்பு மை பழுப்புத்தாளோடு கலந்து மங்கிவிட்டது. அச்சிட்ட புத்தகங்களிலோ சில பதிப்பகத்தார் பெயரை மேலிருந்து கீழாகவும் சிலர் கீழிருந்து மேலாகவும் போடுவதால், வரிசையைப் படிக்கத் தலையை இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக வெள்ளைத்தாளை ஒன்றரை அங்குலப் பட்டைகளாக வெட்டிக் கொடுத்திருக்கிறேன். செலோடேப் ஒட்டினால் சில ஆண்டில் மஞ்சளாகிக் கறை விடும் என்பதால் மைதாப் பசை போதும் என்று முதலில் நினைத்தோம்; இராமபாணத்துக்கு அது விருந்தாகிவிடும் என்று அப்பா சொன்னதால் உறைத்தாளிலேயே சிறு கீறல் போட்டுப் பட்டையின் நுனிகளைச் செருகிவிடுகிறோம். தினமும் பிற்பகல் காப்பி குடித்த பிறகு அப்பா பத்துப் புத்தகத்தின் பெயரைக் கருப்பு மையில், கரும்பலகையில் எழுதுவது போன்ற பெரிய எழுத்தில் எழுதுகிறார். மகள் பட்டையைச் செருகித் தட்டில் திருப்பி வைக்கிறாள், எந்த இடத்திலிருந்து எடுத்தாளோ அதே இடத்தில். இதுவரை இரண்டு தட்டுகள் முடிந்திருக்கின்றன.